இடது நான்காம் அறை

இராஜபாளையம்
3 ஜூலை 2025

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கும் வேலையை வேலுத்தாய் பார்த்துக்கொள்கிறாள். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி வந்து, நம் பட்டறையில் சால்டரிங் வைத்துவிட்டு, சாயங்காலம் உங்கள் தெருவுக்கே திரும்புகிறவள். உங்கள் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை நான் கேட்காமலே சொல்லிவிடுகிறாள். என் நம்பரை நீங்கள் போனில் அடைத்து வைத்திருப்பதால் இந்தக் கடிதமும் அவள் டிபன் பையில்தான் வருகிறது.

விஷயம் இதுதான். நேற்று தூத்துக்குடியில் பீர் மைதீனின் மீன்பிடி போட்டில் குளிர் பார்க்கிற சென்சார்களை மாட்டிவிட்டேன். ஐஸ் அறை எட்டு. இடது பக்கம் நான்குக்கு நான் இங்கே தயார் செய்த சென்சார்கள், வலது பக்கம் நான்குக்கு நீங்கள் அங்கே தயார் செய்து அனுப்பியவை. எட்டையும் ஒரே கேபிளில் கோத்து டிரைவர் கேபினில் இருக்கும் ஸ்கிரீனுக்குக் கொண்டுபோனேன். ஸ்கிரீனில் ஏழு அறைக்குத்தான் டிகிரி வந்தது. எட்டாவது கட்டத்தில் வெறும் கோடு. அது வலது நான்கு, உங்கள் கடைசி சென்சார். செத்துப்போயிருக்கிறது.

மதியம் இரண்டு மணிக்குப் போட் கிளம்ப வேண்டியிருந்ததால் நோண்டிப் பார்க்க நேரமில்லை. "என்ன தம்பி, ஒரு கண்ணு அவிஞ்சுபோச்சு?" என்று பீர் மைதீன் கேட்டார். ஒரு பீஸ் சரியில்லை, மாற்றித் தருகிறேன் என்றேன். யாருடைய பீஸ் என்று சொல்லவில்லை. மற்ற ஏழும் சுத்தம். இடது நான்குகூட ஒரு டிகிரியில் நின்றது.

போட் பன்னிரண்டாம் தேதி திரும்பும். அதற்குள் நல்ல சென்சார் ஒன்று அனுப்பவும்.

பென்சன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
4 ஜூலை

பென்சனுக்கு,

பிறந்ததிலிருந்து என்னை நீ என்று சொன்னவன் இப்போது நீங்கள் என்று எழுதுகிறாய். மரியாதை கூடிவிட்டதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

என் சென்சார் சாகவில்லை. நான்கையும் எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் போட்டு ஆளுக்கு ஒரு மணி நேரம் ஊறவைத்து, டிகிரி எழுதி, அந்தச் சீட்டையும் பெட்டிக்குள் வைத்து அனுப்பினேன். நீ சீட்டைப் பார்த்திருக்க மாட்டாய்.

யாருடைய பீஸ் என்று சொல்லவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். உனக்கு அது பழக்கம்தான். பிப்ரவரியில் போட் உரிமையாளர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, இந்தப் புரோகிராம் யார் எழுதியது என்று கேட்டார். "நம்ம ஆளு ஒருத்தர்" என்றாய். நம்ம ஆளு மூன்றாவது வரிசையில் ரோஸ்மில்க் டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். மில்லுக்கு ஈரப்பதம் பார்க்கிற பெட்டி செய்த காலத்திலிருந்து பதினோரு வருடம் உன்னோடு அந்தப் பட்டறையில் உட்கார்ந்தவள். அன்றைக்கு என் சால்டரிங் கட்டையையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு வந்தேன். வந்தது பற்றி எனக்கு வருத்தம் ஏதும் இல்லை.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. கையால் பிடித்துப் பார்த்தாயா? எப்போதும் நீ அறைக்குள் இறங்கி ஒவ்வொரு சென்சாரையும் உள்ளங்கையில் பொத்திப் பிடிப்பாய். நான் மேலே ஸ்கிரீனைப் பார்த்து, "ஏறுது, அடுத்தது போ" என்று கத்துவேன். இந்தத் தடவை மேலே நின்று கத்தியது யார்? அதைச் சொன்ன பிறகு சாவு யாருக்கு என்று பார்க்கலாம்.

அன்னாள்


இராஜபாளையம்
7 ஜூலை

அக்காவுக்கு,

சீட்டை இப்போது பார்த்தேன். எழுத்து அழகாக இருக்கிறது.

பிப்ரவரி விஷயத்தை ஆயிரம் தடவை சொல்லியாயிற்று. பன்னிரண்டு போட்டுக்கு ஆர்டர் பேசிக்கொண்டிருந்த இடம் அது. கடலுக்குப் போகிற ஆட்களிடம், இதை எழுதியது ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்ட எங்கள் அக்கா என்று சொன்னால் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்பார்கள். ஆர்டர் கைக்கு வந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். நீங்கள் செத்த நேரம் பொறுத்திருக்கலாம்.

கையால் பிடித்துப் பார்க்கவில்லை. மேலே நிற்க ஆள் இல்லை. டிரைவர் ஜெயபாண்டி, "வெரசா முடிங்க அண்ணாச்சி, தண்ணி வத்துறதுக்குள்ள வெளிய போணும்" என்று தலைக்கு மேல் நின்றார். பார்க்கத்தான் வேண்டும் என்று என்ன இருக்கிறது? லேப்டாப்பில் நம்பர் கொடுத்தாயிற்று, நம்பருக்கு நேரே ஸ்கிரீனில் அறைப் பெயர் எழுதியாயிற்று. என்னுடையவை ஒன்று முதல் நான்கு. அடுத்து உங்களுடையவை ஐந்து முதல் எட்டு. ஏழு வரை வந்தது, எட்டு வரவில்லை. எட்டு உங்களுடையது. இதில் என்ன ஆராய்ச்சி?

பென்சன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
8 ஜூலை, செவ்வாய்

பென்சன்,

சண்டையை ஒரு பக்கம் வை. இதை நின்ற இடத்திலேயே படி.

என்னுடையவை ஐந்து முதல் எட்டு அல்ல. நான்கு முதல் ஏழு. சென்சார் பெட்டியிலிருந்து வரும்போதே பூஜ்யம் என்ற நம்பரோடுதான் வரும். நான் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறவள். நீ மில் மிஷின்களுக்கு நம்பர் போட்ட பழக்கத்தில் எதையும் ஒன்றிலிருந்து தொடங்குகிறவன். உனக்கு நான்கு சென்சார் என்றால் பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று போயிருக்கும் என்று நினைத்து என் முதல் சென்சாருக்கு நான்கு கொடுத்தேன். உன் கடைசி சென்சாரும் நான்கு. பட்டறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும்.

இப்போது நான்கு என்ற பெயரில் இரண்டு சென்சார் பேசுகின்றன. இந்த ஸ்கிரீன் முதலில் எதைக் கேட்டதோ அதையே பிடித்துக்கொள்ளும், மற்றதைக் கண்டுகொள்ளாது. இடது நான்கு ஒரு டிகிரியில் நிற்கிறது என்று எழுதினாயே, அது வலது பக்கம் முன்னால் இருக்கிற முதல் அறையின் டிகிரியாக இருக்கும். உன் இடது நான்கு இன்ஜின் சுவரை ஒட்டியது. எட்டு அறையில் சீக்கிரம் சூடாகக் கூடியது அதுதான். அங்கே எத்தனை டிகிரி என்று அந்தப் போட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

இன்றைக்கே பீர் மைதீனிடம் சொல். வயர்லெஸில் போட்டுக்குப் போட்டு சேதி சொல்லி அனுப்புவார்கள். ஸ்கிரீனை நம்பாமல் கையை வைத்துப் பார்த்து ஐஸ் போடச் சொல்.

அன்னாள்


இராஜபாளையம்
14 ஜூலை

அக்கா,

எட்டாம் தேதி நீ எழுதியது பதினொன்றாம் தேதி காலையில்தான் என் கைக்கு வந்தது. சேத்தூரில் தன் அக்கா மகள் கல்யாணம் என்று வேலுத்தாய் இரண்டு நாள் வரவில்லை. கடிதம் அவள் பையிலேயே கிடந்திருக்கிறது. "நின்ற இடத்திலேயே படி" என்று எழுதுகிறவள் போனை எடுத்திருக்கலாம்.

எடுத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது வேறு விஷயம். பதினொன்றாம் தேதி படித்தேன். படித்தவுடன் நீ சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. பீர் மைதீன் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாளைக்குப் போட் வந்துவிடும், சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம், பன்னிரண்டு போட் ஆர்டரை எதற்குக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று பட்டது. பேசவில்லை.

போட் பன்னிரண்டாம் தேதி வந்தது. இடது நான்கைத் திறந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் விலகினார்கள். அறை நிறையச் சீலா மீன். ஒன்றுகூடத் தேறவில்லை.

ஐஸ் அறை பார்க்கிறவர் ஆஸ்டின் என்று ஒருவர். தருவைகுளத்துக்காரர், ஐம்பது தாண்டியவர், இருபத்தாறு வருடமாக இந்த வேலைதான் செய்கிறார். ஐந்தாம் நாளே ஜெயபாண்டியிடம் சொல்லியிருக்கிறார், "கடைசி ரூம்பு சுடுது, கைய வச்சுப் பாத்துட்டேன். இன்னும் பத்துப் பொட்டி ஐஸ் அதுல தட்டணும்." ஜெயபாண்டி ஸ்கிரீனைக் காட்டி, "ஒரு டிகிரின்னு போட்டிருக்குல்லா? மிஷினு பொய் சொல்லுமா, நீரு சொல்லுவீரா?" என்று கேட்டு, மீதி ஐஸை மற்ற அறைகளுக்குத் தள்ளச் சொல்லிவிட்டார். கரையில் பேச்சு மாறிவிட்டது. ஆஸ்டின் தூங்கிவிட்டார், ஐஸ் தட்டவே இல்லை, அதனால்தான் மீன் கெட்டது என்கிறார்கள். பீர் மைதீன் எல்லார் முன்னாலும் அவரைப் போட்டிலிருந்து இறக்கிவிட்டார். ஒரு அறையைக் கெடுத்தவர் என்று பெயர் விழுந்தால் அந்தத் துறைமுகத்தில் வேறு எந்தப் போட்டிலும் ஏற்ற மாட்டார்களாம்.

நான் அப்போது கேபினில் லேப்டாப்போடு இருந்தேன். உன் நான்கு சென்சாருக்கும் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று நம்பர் மாற்றினேன். எட்டுக் கட்டத்திலும் டிகிரி வந்தது. பீர் மைதீன் என் தோளில் தட்டி, "இப்பத்தான் எல்லாக் கண்ணும் தொறந்திருக்கு" என்றார். ஜன்னல் வழியாக ஆஸ்டின் தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு இறங்குவது தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

பென்சன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
15 ஜூலை

பென்சன்,

திட்டுவதற்குத்தான் உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே என்னைத் திட்ட வேண்டியிருக்கிறது, அதனால் விட்டுவிட்டேன்.

எட்டாம் தேதி சாயங்காலம் கடிதத்தை வேலுத்தாயிடம் கொடுக்கும்போதே அவள் சொன்னாள். "ஏக்கா, நாளைக்கும் மறுநாளும் நான் சேத்தூருக்குப் போறேன். எம்புட்டு நாளைக்கு இந்தத் தபால் வேல? ஒரு போனப் போட்டுப் பேசிட்டா முடிஞ்சுபோச்சு." போன் என் கையில்தான் இருந்தது. நான் முதலில் கூப்பிட்டதாக ஆகிவிடுமே என்று, "பரவாயில்ல, வந்து குடு" என்றேன். உனக்கு ஆர்டர், எனக்கு ரோஷம். நம் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த மனிதர் மாட்டிக்கொண்டார்.

ஆஸ்டின் விஷயத்தை முடிவு செய்ய முப்பதாம் தேதி உரிமையாளர் கூட்டம் இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதற்குள் போய் உள்ளதைச் சொல். ஆர்டர் போனால் போகட்டும், மில்காரர்கள் இன்னும் நம்மைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். சொல்லும்போது என் பெயரையும் சேர்த்துச் சொல். அக்கா நான்கிலிருந்து தொடங்கினாள், நான் நான்கில் முடித்தேன் என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கும்.

அன்னாள்


இராஜபாளையம்
23 ஜூலை

அக்கா,

திங்கட்கிழமை போனேன். சொன்னேன். பிரயோஜனம் இல்லை.

பீர் மைதீன் தன் ஷெட்டில் இருந்தார். நம்பர் கொடுத்ததில் தப்பு நடந்துவிட்டது, தப்பு முழுக்க என்னுடையது, ஆஸ்டின் சொன்னதுதான் நிஜம் என்றேன். உன் பெயரை எடுக்கவில்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் உன்னைக் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனசில்லை. நன்மைக்கென்று நினைத்துத்தான் செய்தேன்.

அவர் உடனே வேறொரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு லேப்டாப்பை வைத்துப் பார்க்கச் சொன்னார். இடது ஒன்று முதல் நான்கு சரி. வலது ஐந்து முதல் எட்டு சரி. "எல்லாம் கரெக்டா இருக்கே பாய், இவரு எந்தத் தப்பச் சொல்லுதாரு?" என்றார் அந்த ஆள். பிறகு மாற்றிவிட்டேன் என்றேன். ஒன்றிலிருந்து நான்கு வரை சரியாகப் போட்டவன் எங்கே தப்புப் பண்ணினேன் என்று கேட்டார். வலது பக்கத்துக்கு நான் ஏன் நான்கிலிருந்து தொடங்குவேன்? நீ இல்லாமல் அந்தக் கதை நிற்கவில்லை. உளறினேன்.

பீர் மைதீன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "பாவம் பாத்துப் பொய் சொல்லுதீய தம்பி. நல்ல மனசு. ஆனா அந்த ஆளு இப்பிடி உங்கள வச்சுப் பேச வைக்கானே, அதத்தான் என்னால தாங்க முடியல" என்றார். ஆஸ்டினிடம் நான் ஒரு வார்த்தை பேசியதுகூட இல்லை என்றேன். அதையும் நம்பவில்லை. தூங்கியவர் என்ற பெயரோடு ஆளைப் பிடித்துப் பொய் சொல்ல வைக்கிறவர் என்ற பெயரும் அவருக்குச் சேர்ந்துவிட்டது.

இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பென்சன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
24 ஜூலை

பென்சன்,

வேலையில் என் பெயரை விட்டாய். தப்பிலும் என் பெயரை விட்டுவிட்டு வந்திருக்கிறாய். எனக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்து நீ செய்கிற ஒவ்வொன்றிலும் நான் காணாமல் போகிறேன். இந்தத் தடவை என்னோடு சேர்ந்து ஆஸ்டினும் காணாமல் போகிறார்.

நீ இனி ஒன்றும் செய்ய வேண்டாம். இருபத்தெட்டு இங்கே தேர். பஸ் எல்லாம் சுற்றிக்கொண்டு போகும். அது முடியட்டும்.

அன்னாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
31 ஜூலை

பென்சன்,

உன் நம்பரை நேற்று இரவே திறந்துவிட்டேன். ஆனால் இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால்தான் வரிசையாக வருகிறது.

நேற்று விடியற்காலையில் வேலுத்தாயைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டியில் பஸ் மாறிப் போனேன். கூட்டம் பதினொரு மணிக்கு. ஒன்பதரைக்கே பீர் மைதீன் ஷெட்டில் போய் நின்றேன். "நீங்க யாரும்மா?" என்றார். "பென்சனோட அக்கா. உங்க போட்ல ஓடுற புரோகிராம எழுதினது நான். வலது பக்கம் நாலு சென்சாரும் என்னோடது. தப்புல பாதியும் என்னோடது. அர மணி நேரம் போட்டக் குடுங்க, காட்டுறேன்" என்றேன். அவர் உன்னைப் பற்றி ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். ஆஸ்டினையும் ஜெயபாண்டியையும் கூப்பிட்டு அனுப்பச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பயணத்துக்காக முன் அறைகளில் ஐஸ் இறங்கியிருந்தது. இடது நான்கு இன்னும் காலியாக இருந்தது. நீ சரிசெய்து வைத்ததை நான் கெடுத்தேன். என் நான்கு சென்சாருக்கும் பழையபடி நான்கு, ஐந்து, ஆறு, ஏழு என்று கொடுத்து, ஸ்கிரீனை அணைத்துப் போட்டேன். எட்டாவது கட்டத்தில் கோடு விழுந்தது. அணைத்துப் போட்டால் எந்த நான்கைப் பிடிக்கும் என்பது நம் கையில் இல்லை. முதல் இரண்டு தடவை உன்னுடையதைப் பிடித்தது. கூடி நின்றவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். மூன்றாம் தடவை என்னுடையதைப் பிடித்தது. இடது நான்கு என்று எழுதிய கட்டத்தில் ஒரு டிகிரி நின்றது.

ஜெயபாண்டியை ஸ்கிரீன் முன்னால் நிற்கவைத்துச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். ஆஸ்டின் டீக்கடையில் சூடாக ஒரு கிளாஸ் டீ வாங்கிக்கொண்டு இடது நான்குக்குள் இறங்கினார். சென்சாரை டீக்குள் விடச் சொன்னேன். "ஒண்ணு" என்றார் ஜெயபாண்டி. கொஞ்சம் பொறுத்து, "ஒண்ணுதான்" என்றார். ஆஸ்டின் உள்ளேயிருந்து, "வெரலு பொரியுது, இன்னுமா ஒண்ணு?" என்று கேட்டார். நான் போய் வலது ஒன்றின் வயரை உருவினேன். ஜெயபாண்டி வாசிக்கவில்லை. பீர் மைதீன்தான் எட்டிப் பார்த்து, "அறுபத்திரண்டு" என்றார். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

எட்டாம் தேதியே எனக்குத் தெரியும், போன் செய்யவில்லை என்பதையும் சொன்னேன். பதினொன்றாம் தேதி உனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்கு நீ கோபப்படலாம். பாக்கிப் பதினோரு போட்டுக்கும் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். சரிதான் என்று எனக்குப் பட்டது. கிளம்பும் முன் நம்பர்களைச் சரிசெய்து, எட்டு அறையிலும் ஆஸ்டின் கையால் பிடிக்க, நான் மேலே நின்று பார்த்து முடித்துக் கொடுத்தேன்.

கூட்டத்தில் பீர் மைதீன் எழுந்து எல்லார் முன்னாலும், "ஆஸ்டின் மேல தப்பில்ல. மிஷின்லதான் தப்பு. இந்தம்மா வந்து நிரூபிச்சுக் காட்டிட்டாங்க. வெள்ளிக்கிழம போட்டுக்கு அவரே வாரட்டும்" என்றார். கை தட்டினார்கள். என் பெயரைக் கேட்டு மைக்கில் சொன்னார்கள். பிப்ரவரியில் அதற்காகத்தான் நான் அழுதேன். நேற்று அது காதில் விழுந்தபோது எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

ஏனென்றால் ஆஸ்டின் கை தட்டவில்லை. டீயில் சிவந்துபோன விரல்களைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை, எல்லாரும் கொஞ்சம் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"வாரேன் மொதலாளி. எனக்கு வேற வேல தெரியாது" என்றார். "அஞ்சா நாளு ரூம்பு சுடுதுன்னு நான் சொன்னேன். யாரும் கேக்கல. கரைக்கு வந்தும் சொன்னேன். கேக்கல. ஸ்ரீவில்லிபுத்தூர்லேந்து இந்தம்மா வந்து காட்டவும் கேக்கிய. நல்லது. நாள மறுநாளு நடுக்கடல்ல இன்னொரு ரூம்பு சுட்டா, நான் யாரக் கூட்டிட்டு வரணும்?"

அவர் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. ஜெயபாண்டியைப் பார்த்தும் கேட்கவில்லை. பிறகு ஐஸ் ஏற்ற நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அன்னாள்